எஸ்எஸ்டி என்க்ளோஷர்: உள்ளே நடப்பது என்ன, கோளாறு எங்கே?

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்று சும்மா கிடக்கிறது. அல்லது புதிதாக ஒன்றை வாங்கிக் கையடக்க டிரைவாக வைத்துக்கொள்ள விருப்பம். இரண்டுக்கும் வேண்டியது ஒரு என்க்ளோஷர், அதாவது எஸ்எஸ்டியை உள்ளே வைத்து யுஎஸ்பி வழியே கணினியில் இணைக்கும் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் அலுமினியப் பெட்டி, ஒரு கேபிள், ஒரு சிறு விளக்கு. அதனாலேயே பலரும் அதை வெறும் உறை என்று எண்ணி, கைக்கு எட்டியதை வாங்கிவிடுகிறார்கள்.

மூடியைத் திறந்தால் ஒரு சிறிய போர்டும் அதன்மேல் ஒரு கறுப்புச் சில்லும் தெரியும். எஸ்எஸ்டி பேசுவது ஒரு மொழி, யுஎஸ்பி போர்ட்டுக்குப் புரிவது வேறு மொழி. ‘இதைப் படி, அதை எழுது’ என்று கணினி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் இந்தச் சில்லுதான் மாற்றிச் சொல்கிறது. இதற்குப் பிரிட்ஜ் என்று பெயர். எந்த எஸ்எஸ்டி பொருந்தும், எவ்வளவு வேகம் கிடைக்கும், இடையில் அறுந்து போகாமல் ஓடுமா என்பதெல்லாம் பெரும்பாலும் இதன் கையில்தான். இதே போர்டு இன்னொரு வேலையும் செய்கிறது: யுஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட்டை எம்.2 எனும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கு வேண்டிய 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

ஆக எஸ்எஸ்டி, பிரிட்ஜ், கேபிள், போர்ட், இவற்றினூடே ஓடும் மின்சாரம் என்று ஒரு சங்கிலி. கோளாறு வந்தால் ‘டிரைவ் போய்விட்டது’ என்று பதறுவதற்கு முன், எந்தக் கண்ணியில் சிக்கல் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நேரம் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எந்த எஸ்எஸ்டிக்கு எந்தப் பெட்டி

2.5 அங்குலத் தட்டையான எஸ்எஸ்டி என்றால் குழப்பமே இல்லை. வீட்டுக் கணினிகளில் வருபவை அநேகமாக எல்லாம் சாட்டா என்ற பழைய மொழியைப் பேசும் வகை. 7 மில்லிமீட்டர் தடிமன். சாட்டா பெட்டி வாங்கிச் செருகினால் போதும்.

குழப்பம் எம்.2 எஸ்எஸ்டியில்தான். சூயிங்கம் பட்டை போல இருக்கும் இதில் எழுதியிருக்கும் 2280 என்ற எண் அளவை மட்டுமே சொல்கிறது: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2230, 2242, 22110 ஆகியவையும் அப்படியே. ஒரே அளவு, ஒரே தோற்றம் இருந்தாலும் உள்ளே பேசும் மொழி சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இ ஆகவும் இருக்கலாம். என்விஎம்இ மட்டும் தெரிந்த பிரிட்ஜில் சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினால் விளக்கு எரியும், கணினியில் டிரைவ் வராது. சாட்டா மட்டும் தெரிந்த பிரிட்ஜில் என்விஎம்இ எஸ்எஸ்டியை மாட்டினாலும் அதே கதைதான்.

தங்கநிறத் தொடர்புமுனைகளில் உள்ள வெட்டுகளைப் பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் இரண்டு வெட்டுடன் வரும் என்விஎம்இ டிரைவ்களும் உண்டு. எனவே வெட்டை நம்பி முடிவுக்கு வராமல், லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே உறுதியான வழி. இரண்டு மொழியும் தெரிந்த பிரிட்ஜ்களும் இருக்கின்றன. ரியல்டெக் ஆர்டிஎல்9210பி அவற்றில் பரவலாகக் கிடைப்பது. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாதவர்களுக்கும், பலவகை எஸ்எஸ்டிகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கும் இந்த வகைப் பெட்டியே சரி. ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்583, ஏஎஸ்மீடியா ஏஎஸ்எம்2362 ஆகியவை என்விஎம்இ மட்டும் பேசுபவை. பெட்டியில் எந்தச் சில்லு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது. பின்னால் ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் உள்மென்பொருள்) தேட வேண்டி வந்தால் அந்தப் பெயர்தான் உதவும்.

2013 முதல் 2017 வரை வந்த மேக்புக்குகளில் கழற்றக்கூடிய எஸ்எஸ்டி இருந்தால், அது எம்.2 போலத் தெரிந்தாலும் அதன் முனை ஆப்பிளுக்கே உரியது. சாதாரண எம்.2 பெட்டியில் நுழையாது. அழுத்திப் பார்க்கவும் கூடாது.

வேகக் கணக்கு

யுஎஸ்பியின் பெயர்களைப் போல மக்களைக் குழப்பியவை வேறில்லை. 2008இல் 3.0 என்று வந்த அதே 5 கிகாபிட் வேகம் பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன் பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒன்றே. ஆகவே பெயரை விட்டுவிட்டு, 5, 10, 20, 40 என்ற கிகாபிட் எண்ணை மட்டும் பாருங்கள்.

அட்டையில் போட்டிருப்பது பிட். கோப்பு நகலாகும்போது திரையில் தெரிவது பைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 5 கிகாபிட் இணைப்பில் ஒவ்வொரு 8 பிட் தரவுக்கும் 10 பிட் அனுப்பப்படுவதால் உச்சவரம்பே விநாடிக்கு 500 மெகாபைட்தான். நடைமுறையில் 400 முதல் 450 வரை. 10 கிகாபிட்டில் இந்த வீணடிப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய 1,000 மெகாபைட் கிடைக்கும். 20 கிகாபிட்டில் 2,000க்கு அருகில். 40 கிகாபிட் யுஎஸ்பி4 பெட்டிகள் 3,000ஐத் தாண்டும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். சாட்டா எஸ்எஸ்டியே 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும் என்பதால், அதற்கு 20 கிகாபிட் பெட்டி வாங்குவதில் பயனில்லை. அதேபோல் 7,000 மெகாபைட் என்று எழுதிய எஸ்எஸ்டியை 10 கிகாபிட் பெட்டியில் போட்டால் கிடைப்பது 1,000தான்; மீதி வேகத்துக்குப் பதில் சூடும் மின்செலவும் மட்டுமே மிஞ்சும். வெளி டிரைவுக்குக் குறைந்த மின்சாரம் இழுக்கும் நடுத்தர எஸ்எஸ்டியே பொருத்தம்.

20 கிகாபிட் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. அந்த வேகத்துக்கு ‘ஜென் 2×2’ என்ற வசதி கணினியிலும் வேண்டும். யுஎஸ்பி4 கணினியில்கூட அது கட்டாயமில்லை. போர்ட்டில் அது இல்லையென்றால் பெட்டி 10 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கணினியில் 2×2 இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய 10 அல்லது 40 கிகாபிட் பெட்டி எடுப்பதே மேல்.

பொருத்தும் முறை

கேபிளைக் கழற்றிய நிலையில்தான் பொருத்த வேண்டும். முதலில் ஏதாவதோர் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். எம்.2 எஸ்எஸ்டியை ஓரங்களில் பிடித்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்கநிற முனைகள் மெல்லிய கோடு அளவுக்கு மட்டும் வெளியே தெரிய வேண்டும். பாதி தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. பிறகு மெல்ல அழுத்திப் படுக்கவைத்து, மறுமுனையைத் திருகாணியாலோ ரப்பர் முளையாலோ நிறுத்துங்கள். முளை உங்கள் எஸ்எஸ்டியின் நீளத்துக்குரிய துளையில் இருக்க வேண்டும்.

அடுத்து வருவது தெர்மல் பேட். சாம்பலோ நீலமோ நிறத்தில் பஞ்சு போன்ற பட்டை. எஸ்எஸ்டியின் சூட்டை அலுமினிய மூடிக்குக் கடத்துவது இதுதான். இதன் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டையும் உரிக்க வேண்டும். எஸ்எஸ்டியின் லேபிளை உரிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும். லேபிளின் மேலேயே பேடை வைக்கலாம்.

பேடின் தடிமன் முக்கியம். மெல்லியதாக இருந்தால் மூடியைத் தொடாது. தடித்திருந்தால் மூடும்போது எஸ்எஸ்டி வளையும். எளிய சோதனை: பேடை வைத்து மூடியை இறுக்கி, ஒரு நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். சில்லுகளின் விளிம்பு பேடில் லேசாகப் பதிந்திருக்க வேண்டும். பதியவே இல்லையென்றால் அரை மில்லிமீட்டர் தடித்த பேட் வேண்டும்.

ஓடும்போது பெட்டி கையைச் சுடுவதுபோல் இருந்தால் பலர் பயப்படுகிறார்கள். அது நல்ல அறிகுறி, உள்ளே பிறந்த சூடு வெளியே வருகிறது. பெட்டி குளிர்ந்தே இருந்து டிரைவ் மட்டும் மந்தமானால்தான் கவலைப்பட வேண்டும். பேட் தொடவில்லை என்று அர்த்தம்.

முதல்முறை செருகும்போது

புதிய எஸ்எஸ்டியைச் செருகியதும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் எதுவும் வராது. இது கோளாறு அல்ல. அதில் இன்னும் பார்ட்டிஷனே (கோப்புகளை வைக்கப் பிரித்த பகுதி) இல்லை. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்தால் ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும். பார்ட்டிஷன்களைப் பதிந்து வைக்கும் முறையாக ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. பிறகு காலியிடத்தில் வலது கிளிக் செய்து புதிய வால்யூம் உருவாக்கலாம். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொன்னால்தான் டிரைவ் முழுவதும் தெரியும்.

ஃபார்மட்டைப் பொறுத்தவரை, விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாடு, இல்லை என்பதை மறக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டால் கோப்பு அமைப்பு கெடும் வாய்ப்பு அதில் அதிகம். ஃபேட்32 வேண்டாம், 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது.

கணினிக்குத் தெரியவே இல்லை

விளக்கே எரியவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். விளக்கு எரிந்தும் டிரைவ் வரவில்லை என்றால், பிரிட்ஜுக்கு மின்சாரம் போகிறது, எஸ்எஸ்டி பேசவில்லை என்று பொருள். மேலே சொன்ன சாட்டா, என்விஎம்இ குழப்பமாக இருக்கலாம். எஸ்எஸ்டி ஸ்லாட்டில் முழுதாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி மீண்டும் மாட்டிப் பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மெண்டில் வந்து எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வரவில்லை என்றால் டிரைவ் எழுத்து ஒதுக்கப்படவில்லை. வலது கிளிக் செய்து எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும்.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிரைவ் என்றால் இங்கே கவனம் தேவை. ‘பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். உள்ளே வேண்டிய தரவு இருந்தால் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். விண்டோஸுக்குப் புரியாத மேக் அல்லது லினக்ஸ் ஃபார்மட்டாக இருந்தாலும் அது அப்படித்தான் கேட்கும். சில பழைய சாட்டா பெட்டிகள் டிரைவின் 512 பைட் செக்டரை (தரவைப் பிரித்து வைக்கும் சிறு கட்டம்) கணினிக்கு 4,096 ஆக மாற்றிக் காட்டும். அப்போது பார்ட்டிஷன் அட்டவணை எங்கிருக்கிறது என்றே தெரியாமல் டிரைவ் காலியாகத் தோன்றும். வேறொரு பெட்டியிலோ நேராக மதர்போர்டிலோ மாட்டினால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிரைவ் தெரிகிறது, பூட்டுப் படத்துடன் வருகிறது என்றால் அது பிட்லாக்கர், விண்டோஸின் குறியாக்கப் பூட்டு. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும், சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே சாவியை எடுத்து வைத்துவிட்டு டிரைவைக் கழற்றுங்கள். சாவி இல்லாமல் திறக்க வழியில்லை.

வேகம் குறைகிறது

எத்தனை மெகாபைட் என்று பாருங்கள். அந்த எண்ணே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். 40 மெகாபைட்டிலேயே நின்றால் இணைப்பு யுஎஸ்பி 2.0க்கு இறங்கிவிட்டது. முதல் சந்தேகம் கேபிள்மேல். போனுக்குச் சார்ஜ் ஏற்றத் தரப்படும் டைப்-சி கேபிள்களில் பல யுஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். நீளமும் முக்கியம்: 10 கிகாபிட்டுக்கு ஒரு மீட்டர், 40 கிகாபிட்டுக்குச் சாதாரணக் கேபிள் என்றால் 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டைப்-ஏ முனையை மிக மெதுவாகச் செருகினாலும் 2.0 தொடர்புகள் மட்டும் முதலில் பட்டு, கணினி அதிலேயே நின்றுவிடுவதுண்டு. கழற்றிவிட்டு ஒரே வீச்சில் செருகுங்கள்.

400க்கு அருகில் நின்றால் 5 கிகாபிட் போர்ட். லினக்ஸில் யுஎஸ்பி சாதனங்களை மரவடிவில் காட்டும் கட்டளையில் 480, 5000, 10000 என்று இணைப்பின் வேகம் தெரியும்; மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்க்கலாம். யுஏஎஸ்பி என்ற புதிய தரவுப் பரிமாற்ற முறை இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்தது போகும்; யுஏஎஸ்பியில் பல கட்டளைகள் வரிசையில் நிற்கும். சிறு கோப்புகள் நிறைய இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி அட்டாச்டு ஸ்கஸி’ என்ற பெயர் இருந்தால் அது இயங்குகிறது.

தொடக்கத்தில் வேகமாக ஓடி, பாதியில் படுத்துவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. எஸ்எஸ்டி தன் இடத்தில் ஒரு பகுதியை வேகமான எஸ்எல்சி கேஷாக (வரும் தரவை முதலில் வாங்கிக்கொள்ளும் தற்காலிக இடம்) வைத்திருக்கும். அது நிரம்பினால் உண்மையான வேகம் வெளிப்படும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் மலிவான க்யூஎல்சி டிரைவ்களில் அது வன்தட்டு அளவுக்கும் இறங்கும். மற்றது சூடு: ஏறக்குறைய 70 முதல் 85 பாகை செல்சியஸில் எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எது என்று பிரித்தறிய ஒரு பெரிய கோப்பை, 100 கிகாபைட் போல, நகலெடுத்து எத்தனையாவது கிகாபைட்டில் வேகம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை அழித்துவிட்டு அரை மணிநேரம் விட்டு, பெட்டியின்மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்து மீண்டும் செய்யுங்கள். விழும் இடம் தள்ளிப்போனால் சூடு, பேடைச் சரிபாருங்கள். ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தால் கேஷ். அது அந்த எஸ்எஸ்டியின் இயல்பு, பெட்டியை மாற்றிப் பயனில்லை.

டிராம் (சொந்தத் தற்காலிக நினைவகம்) இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் கடன் வாங்கி ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. யுஎஸ்பி பிரிட்ஜ் வழியே அந்தக் கடன் கிடைக்காது. லேப்டாப்புக்குள் நன்றாக ஓடிய டிரைவ் பெட்டிக்குள் சற்றுச் சோர்வதற்கு இதுவும் காரணம்.

இடையில் அறுந்து போகிறது

இதுதான் தரவுக்கு உண்மையில் ஆபத்தானது. இங்கே பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

முதலில் மின்சாரம். யுஎஸ்பி 3 டைப்-ஏ போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 900 மில்லியாம்ப், அதாவது 4.5 வாட். யுஎஸ்பி 2.0 போர்ட் 2.5 வாட்தான். இப்போது உங்கள் எஸ்எஸ்டியின் லேபிளைப் பாருங்கள். 3.3 வோல்ட், 2.5 ஆம்ப் என்று இருந்தால் உச்சத்தில் 8 வாட்டுக்கு மேல். எப்போதும் அவ்வளவு இழுக்காது. ஆனால் நீண்ட நேரம் எழுதும்போது ஏறும். போர்ட் தாங்காவிட்டால் மின்னழுத்தம் சரியும், பிரிட்ஜ் மயங்கி எழும், கணினி ‘டிரைவ் பிடுங்கப்பட்டது’ என்று நினைக்கும். படிக்கும்போது ஒன்றும் ஆகாமல், பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் அறுந்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும். டைப்-சி போர்ட்டுகள் 7.5 அல்லது 15 வாட் வரை தரக்கூடும். அவற்றில் மாட்டிப் பாருங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப்பை ஒதுக்குங்கள். மேசைக் கணினியில் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு கேபிள் ஓடி வருகிறது; பின்பக்கம் நேராக மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்தான் நம்பகமானது.

அடுத்து மின்சேமிப்பு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை நிறுத்திப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் காணாமற்போகும் டிரைவ்களுக்கு இது பெரும்பாலும் மருந்து. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 129 என்ற எண் இருந்தால், டிரைவ் பதில் சொல்லாததால் கணினி அதை ரீசெட் செய்திருக்கிறது. 157 என்றால் டிரைவ் திடீரென அகற்றப்பட்டதாகக் கணினி உணர்ந்திருக்கிறது.

மூன்றாவது, பிரிட்ஜின் ஃபர்ம்வேர். சில பிரிட்ஜ்கள் யுஏஎஸ்பியில் தடுமாறும். லினக்ஸில், குறிப்பாக ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில், அந்தப் பெட்டியின் வென்டார் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் கெர்னல் அமைப்பில் கொடுத்து அதற்கு மட்டும் யுஏஎஸ்பியை நிறுத்தலாம். வேகம் சற்றுக் குறையும், அறுபடுவது நிற்கும். பெட்டியின் தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் தந்திருந்தால் ஏற்றலாம். தரவை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே அதைச் செய்யுங்கள், உங்கள் பெட்டியின் மாடலுக்கு உரியதை மட்டுமே ஏற்றுங்கள்.

எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அல்லது ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் காட்டும். என்விஎம்இ டிரைவில் ‘மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யமாக இருக்க வேண்டும். சாட்டா டிரைவில் சிஆர்சி பிழை (வழியில் தரவு கெட்டதைக் குறிப்பது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், எஸ்எஸ்டிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. யுஎஸ்பி கேபிளை மாற்றி இது தீராது, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்டியைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பும் என்று 2012லேயே இன்டெல் விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரைப் பெட்டியிலிருந்து தள்ளி வேறு போர்ட்டில் செருகுங்கள்.

கழற்றுவதும் வைத்திருப்பதும்

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு ‘குயிக் ரிமூவல்’ இயல்பாக இருக்கிறது. அதனால் எழுதி முடிந்தபின் பிடுங்கினாலும் ஆபத்து குறைவு. ஆனால் நகலெடுப்பைத் திரையில் காட்டும் சாளரம் மறைந்தும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் எஸ்எஸ்டி இன்னும் வேலையில் இருக்கிறது. எஜெக்ட் கொடுத்து, விளக்கு அடங்கியபின் கழற்றுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் எஜெக்ட் கட்டாயம்.

எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் அலமாரியில் கிடக்கும்போது அதன் செல்களிலிருந்து மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முழுதாகத் தீர்த்த பிறகும் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிலை. புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் குடும்பப் படங்களின் ஒரே பிரதியை இதில் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். வன்தட்டில் இன்னொரு பிரதி இருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை செருகும்போது, கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல், எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை முழுதாகப் படிக்கச் செய்யுங்கள். செக்சம் சரிபார்ப்பு (கோப்பு மாறவில்லை என்று எண்ணால் உறுதிசெய்வது), அல்லது வேறிடத்துக்கு ஒரு நகல், எதுவானாலும் சரி. படிக்கும்போதுதான் எஸ்எஸ்டி தன் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறது.